நாற்பது நோட்டிலும் கூவிய குயில்

அரசு நடுநிலைப் பள்ளியில் இரண்டாவது வருடமாகப் பணியாற்றும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது: “எல்லாப் பாடத்திலும் பிள்ளைகளின் படைப்பாற்றலை வளர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறார்கள். ஓவியம், பாட்டு, நாடகம் என்றால் புரிகிறது. கணக்கிலும் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் இதை எப்படிச் செய்வது? வகுப்பில் 40 பேர். போர்ஷன் முடிக்க வேண்டும். நேரத்துக்கு எங்கே போவது? போதாததற்கு, கேள்வி கேட்டால் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.”

டீச்சர், இருபத்தாறு வருடம் நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுத்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் தமிழும் எடுத்த வருடங்கள் உண்டு. நடுவில் சில காலம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்தேன். அதனால் உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். படைப்பாற்றலுக்கென்று தனி பீரியட் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே கேட்கிற கேள்விக்குள், பிள்ளை தானாக ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடம் ஒன்றை விட்டு வையுங்கள். அப்புறம், நீங்கள் எதிர்பார்க்காத பதில் ஒன்று வருமே, அப்போது அடுத்த பத்து விநாடி என்ன செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். என் அனுபவத்தில் எல்லாம் இந்த இரண்டில்தான் இருக்கிறது. சார்ட், வண்ணத்தாள், ப்ரொஜெக்டர் எல்லாம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பலருக்குச் சந்தேகம். ஆறாம் வகுப்பில் சுற்றளவு. “நீளம் 8 செ.மீ., அகலம் 4 செ.மீ. எனில் சுற்றளவு காண்க” என்று கேட்போம். சூத்திரத்தில் போட்டு 24 என்று எழுதுவார்கள். நாற்பது பேருக்கும் ஒரே விடை. போட்டு எழுதியது யார், எட்டிப் பார்த்து எழுதியது யார் என்றுகூடத் தெரியாது. ஒரு வருடம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். “சுற்றளவு 24 செ.மீ. வருகிற மாதிரி ஒரு செவ்வகம் வரையுங்கள். பக்கத்தில் இருப்பவர் வரைந்ததையே நீங்களும் வரையக் கூடாது.” அவ்வளவுதான்.

முதலில் 8க்கு 4 வந்தது. அப்புறம் 7க்கு 5, 10க்கு 2, 9க்கு 3. ஒருவன் 6க்கு 6 வரைந்தான். உடனே சண்டை: “சார், இது சதுரம், செல்லாது!” செவ்வகம் என்றால் என்ன என்று அவர்களே புத்தகத்தைப் புரட்டினார்கள். நான்கு கோணமும் செங்கோணமா, எதிர்ப் பக்கங்கள் சமமா? எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியானால் சதுரமும் செவ்வகம்தான் என்று ஒத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த வரையறையை நான் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன், ஒருவரும் அதற்காகச் சண்டை போட்டதில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் 11½க்கு ½ என்று வரைந்திருந்தாள், ஈர்க்குச்சி மாதிரி. அதைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து காட்டியதும் முன்வரிசைப் பையன் எழுந்து, “அகலத்தை இன்னும் கொறச்சிக்கிட்டே போனா கடைசில வெறும் கோடுதான சார் மிஞ்சும்?” என்றான். எந்த ஆறாம் வகுப்புப் பாடத்திலும் அந்தக் கேள்வி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பரப்பளவை எழுதச் சொன்னேன்: 32, 35, 20, 27, 36, 5¾. வேலி ஒரே நீளம்தான், உள்ளே கிடைக்கிற நிலம் மட்டும் இவ்வளவு மாறுகிறது. அடுத்த வாரம் எடுக்க வேண்டிய பரப்பளவுப் பாடம் பாதி அன்றைக்கே முடிந்துவிட்டது. நேரம் எங்கே என்று கேட்டீர்களே, நேரம் இப்படித்தான் கிடைக்கும்.

“பயிற்சிக் கணக்கு போட வேண்டாமா?” என்று கேட்பீர்கள். கட்டாயம் போட வேண்டும். ஆனால் பயிற்சிக்குள்ளும் இதற்கு இடம் உண்டு. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் கப்ரேக்கர் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். நம்மைப் போல வகுப்பெடுத்தவர்தான், பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. 1949இல் அவர் கண்டுபிடித்த விஷயம் இது: நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு முறை, சிறியதிலிருந்து பெரியதாக ஒரு முறை அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வந்த விடையில் இதையே மறுபடி செய்யுங்கள். 3524 என்று எடுத்தால் 5432இலிருந்து 2345 போக 3087. 8730இலிருந்து 0378 போக 8352. 8532இலிருந்து 2358 போக 6174. இதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிக்குள் அங்கே போய் நின்றுவிடும்.

ஐந்தாம் வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த எண்ணை வைத்துக் கடன் வாங்கிக் கழிக்கும். “எனக்கும் அதே வந்துச்சு!” என்ற குரல் பெஞ்சுக்குப் பெஞ்சு கிளம்பும். வராதவன் கழித்தலில் எங்கோ தவறியிருக்கிறான், அதை அவனே தேடிக் கண்டுபிடிப்பான். அப்புறம் மூன்று இலக்கத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள், 495ஐப் பிடித்துவிடுவார்கள். இரண்டு இலக்கத்தில் எதிலும் நிற்காமல் செக்குமாடு மாதிரி 81, 63, 27, 45, 9 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதையும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கையேட்டில் இருக்கும் இருபது கழித்தல் கணக்கை விட அதிகமாகவே அன்றைக்குக் கழித்திருப்பார்கள்.

சமச்சீர்த் தன்மை எடுக்கும்போது கோலம் இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களிலேயே புள்ளிக் கோலத்தைக் கணினி அறிவியலில் ‘இலக்கணம்’ எனப்படும் விதித் தொகுப்போடு சேர்த்து ஆராய்ந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து, “கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிகிற கோலம் போடுங்கள், ஆனால் உங்கள் வீட்டில் போடுகிற கோலமாக இருக்கக் கூடாது” என்று சொன்னால் போதும். பையன்கள் முதலில் வெட்கப்படுவார்கள், பத்து நிமிடத்தில் அவர்கள்தான் விடாமல் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2007-08இல் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை தானே செய்து தன் வேகத்தில் படிக்கும் முறை, மாநிலம் முழுவதும் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, கீழ்மட்டக் கரும்பலகை, தரையில் பாய் எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கலாம், நீங்களே அதில் படித்தவராகவும் இருக்கலாம். அதை ஒட்டி மேல் வகுப்புகளுக்கு வந்த முறைக்குப் பெயரே படைப்பாற்றல் கல்வி. அதில் ஒரு படி மனவரைபடம். பாடத்தை வாசித்துவிட்டுப் பிள்ளை தனக்குப் புரிந்த விதத்தில் நடுவில் தலைப்பை எழுதி, கிளை கிளையாகப் பிரித்து வரைய வேண்டும். யோசனை மிக நல்ல யோசனை. ஒரு பிள்ளையின் தலைக்குள் பாடம் எப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

நடந்தது என்ன? நான் பார்வைக்குப் போன பல வகுப்புகளில் மனவரைபடத்தை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து போட்டிருந்தார், நாற்பது பேரும் அதைப் பார்த்து வரைந்திருந்தார்கள். கிளைகளின் எண்ணிக்கை ஒன்று, வண்ணம்கூட ஒன்று. நோட்டில் தேதி போட்டு மனவரைபடம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் படத்தில் பிள்ளை தானாக எடுத்த முடிவு என்று ஒன்றாவது இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை. இது எனக்கு இன்றும் மனத்தில் உறுத்துகிறது. அதனால்தான் புதிதாக எந்த முறை வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இதில் பிள்ளை எங்கே முடிவெடுக்கிறது?

சரி, தமிழுக்கு வருவோம். ஏழாம் வகுப்பில் ‘காலைப் பொழுது’ என்று கட்டுரை கொடுத்தேன். நாற்பது நோட்டிலும் கிழக்கு வெளுத்தது, குயில் கூவியது, சேவல் எழுப்பியது, உழவர் ஏர் பிடித்துச் சென்றனர். எங்கள் பள்ளி இருந்தது நெடுஞ்சாலை ஓரத்தில். ஏர் என்ற ஒன்றை அந்தப் பிள்ளைகளில் பலர் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் மேல் தவறில்லை, கட்டுரை என்றால் குயில் கூவ வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

அடுத்த வாரம் தலைப்பைக் குறுக்கினேன். “நாளைக் காலையில் கண்ணைத் திறக்காமல் படுத்திருங்கள். முதலில் என்ன சத்தம் கேட்கிறது? ஐந்து வரி எழுதுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதலாம்.” ஒரு பையன் எழுதி வந்ததை இன்னும் வைத்திருக்கிறேன்: “எங்க அம்மா காலைல ஊதாங்கொழல்ல அடுப்ப ஊதும். தூக்கத்துல கேக்கும்போது எங்கியோ ரயிலு வர்ற மாரி இருக்கும்.”

‘ஊதாங்கொழல்’ மேல் வட்டம், ‘ரயிலு’ மேல் வட்டம், ‘மாரி’ மேல் வட்டம் போட்டு, ‘பேச்சு வழக்கு, தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தால் அவன் மறுபடி குயிலுக்குப் போயிருப்பான். தமிழில் எழுதும் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. அது பேசுகிற தமிழ் ஒன்று, எழுத வேண்டிய தமிழ் இன்னொன்று. என்ன சொல்வது என்று யோசிக்கிற அதே நேரத்தில் ‘கேக்குது’ என்பதா ‘கேட்கிறது’ என்பதா என்றும் யோசிக்கச் சொன்னால், அது பத்திரமான வாக்கியத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். மனப்பாடமாக இருக்கும் வாக்கியம் பத்திரமானது. அதனால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வீட்டுத் தமிழ், திருத்தம் கிடையாது. இரண்டாம் நாள் அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது. அந்தப் பையனோடு உட்கார்ந்து மாற்றியபோது, “அம்மா காலையில் ஊதுகுழலால் அடுப்பை ஊதுவார். தூக்கத்தில் கேட்கும்போது எங்கோ ரயில் வருவது போல இருக்கும்” என்று வந்தது. ‘ஊதுவார்’ வேண்டாம், ‘ஊதுவாள்’ என்றே இருக்கட்டும் என்றான். ஏன் என்று கேட்டேன். “ஊதுவார்னா வேற யாரோ மாதிரி இருக்கு சார்.” இலக்கணமும் அன்றைக்குத்தான் நடந்தது என்று சொல்வேன்.

கவனித்தீர்களா, தலைப்பு குறுகக் குறுகத்தான் சொந்தமாக எழுதினார்கள். ‘உங்கள் கற்பனையில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்’ என்று விட்டுவிட்டால் பிள்ளை திகைத்து நிற்கும். நம் புலவர்களிடம் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் வழக்கம் இருந்தது. சபையில் ஒருவர் கடைசி அடியைச் சொல்வார், அதில் போய் முடிகிற மாதிரி வெண்பா பாட வேண்டும். அந்த இறுக்கம்தான் அவர்களைத் துள்ள வைத்தது. வகுப்பிலும் கடைசி வரியைக் கொடுத்துப் பாருங்கள்: “அதற்கப்புறம் அந்தப் பூட்டின் சாவியை யாரும் தேடவில்லை.” இதில் முடிகிற மாதிரி எட்டு வரி. நாற்பது பேரும் நாற்பது பூட்டு கொண்டு வருவார்கள்.

விடுகதையும் அப்படித்தான், எந்தப் பாடத்துக்கும் ஒத்துப்போகும். அறிவியலில் திருப்புதல் செய்யும்போது, பாடத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து விடுகதை கட்டச் சொல்வேன். “கொடியில் போட்டேன், கனமாக இருந்தது. எடுக்கப் போனேன், எடை குறைந்திருந்தது. யாரும் வரவில்லை, திருடியது யார்?” ஆவியாதல். பொருள் தெளிவாகத் தெரியாமல் விடுகதை கட்ட முடியாது. மதிப்பீடும் அதிலேயே முடிந்துவிடும்.

அறிவியலில் நான் வருடா வருடம் தவறாமல் செய்தது பூ. செம்பருத்தியைப் பிரித்து அல்லி, புல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று காட்டுவோம். கரும்பலகையில் படம், பிள்ளைகள் நோட்டில் அதே படம். அதை முடித்த மறுநாள், “செம்பருத்தி தவிர எந்தப் பூ வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். நேற்று பார்த்த நான்கும் அதில் எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள்” என்பேன். அன்றைக்கு வகுப்பே மாறிவிடும். பூசணிப்பூ கொண்டு வந்தவன் சூலகத்தைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பான். வேறொருத்தியின் பூசணிப்பூவில் இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆண் பூ, பெண் பூ என்பது நாம் சொல்லாமலே கிளம்பி வரும். அடுக்குச் செம்பருத்தி கொண்டு வந்து, “இதுவும் செம்பருத்திதான சார், தாளெல்லாம் எங்க போச்சு?” என்று ஒருவன் கேட்டான். ஒற்றைச் செம்பருத்தியையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பெண், “தாளுதான் இதழா மாறிப்போச்சோ?” என்றாள். சரியான விடை அதுதான், அதில் மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியிருக்கின்றன. அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து இல்லாத ஒன்றை ஊகித்தாள். அறிவியலில் படைப்பாற்றல் என்று நான் சொல்வது இந்த ஊகத்தை. கடையில் வாங்கிய மாடலை ஒட்டிக்கொண்டு வருகிற ‘ப்ராஜெக்ட்’ அந்தக் கணக்கில் வராது.

கருவி இல்லை, ஆய்வகம் இல்லை என்ற குறை எல்லாப் பள்ளியிலும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, பார்த்து, எழுதி, விவாதித்துப் படித்தார்கள். சைக்கிள் வால்வ் ட்யூபையும் தீக்குச்சியையும் கோத்து வடிவங்கள் செய்யும் வித்தையை, அறிவியல் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற அர்விந்த் குப்தா அங்கே இருந்தபோதுதான் உருவாக்கினார். எனக்கு அந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அவர்களுடைய தேர்வு. புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் திறந்திருக்கும்போது, புத்தகத்தில் இருப்பதையே கேள்வியாகக் கேட்பதில் பொருள் இல்லையே. அதனால் கேள்வித்தாள் எடுப்பவரும் யோசித்தாக வேண்டும். மாவட்டம் முழுவதும் பரவிய அந்தத் திட்டம் 2002இல் நிறுத்தப்பட்டது என்பது வருத்தம்தான். ஆனால் வகுப்புத் தேர்வை ஒரு முறை புத்தகத்தைத் திறந்து வைத்து நடத்திப் பார்க்க உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாம். நம் பள்ளிகளில் 2022 நவம்பரில் தொடங்கிய, அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டும் வானவில் மன்றத்துக்காகக் கருத்தாளர்கள் வரும்போதும், சோதனையை அவர்கள் செய்ய, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பதாக விட்டுவிடாதீர்கள். “அடுத்து என்ன நடக்கும்?” என்று செய்வதற்கு முன்பே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சமூக அறிவியலில் ஒரு எச்சரிக்கை வேண்டும். வரலாற்றில் கற்பனைக்கு வேலி உண்டு, அந்த வேலி ஆதாரம். ‘நீ ராஜராஜன் என்று வைத்துக்கொள், என்ன செய்வாய்’ என்ற வகைப் பயிற்சிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, பிள்ளை சினிமா வசனம் எழுதிவிடும். அதற்குப் பதில் கீழடியில் கிடைத்த சுடுமண் வட்டச் சில்லுகளின் படத்தைக் காட்டுங்கள். பானை ஓட்டை உடைத்து வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். எதற்காக இருக்கும்? நம் பிள்ளைகள் பாண்டி ஆடியவர்கள், உடனே விளையாட்டுச் சில்லு என்பார்கள். சரி, வேறு எதற்காக இருக்கலாம்? எடைக்கல்லா, மூடியா, வண்டிச் சக்கரமா? நீ சொல்வதுதான் சரி என்றால் அதில் எந்த அடையாளம் இருக்க வேண்டும்? ஓரம் தேய்ந்திருக்குமா? நடுவில் ஓட்டை இருக்குமா? ஒரே எடையில் பல கிடைத்திருக்க வேண்டுமா? இந்த மூன்றாவது சுற்றுக் கேள்விதான் முக்கியம். தோன்றியதைச் சொல்வதோடு நிற்காமல், தோன்றியதைச் சோதிக்கவும் அங்கேதான் கற்கிறார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தமிழில் செய்வதையே அங்கும் செய்யுங்கள், தப்பான ஆங்கிலத்தில் முதல் முறை எழுத விடுங்கள். அவ்வளவு போதும்.

இப்போது அந்தப் பத்து விநாடிக்கு வருகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் இருந்தது. அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பழகினேன். பதில் வந்த பிறகும் அதே நிதானம் வேண்டும். ‘வெரி குட்’ என்றால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ‘தப்பு, உட்காரு’ என்றால் சொன்னவன் அடுத்த மாதம் வரை எழுந்திருக்க மாட்டான். “எப்படி வந்தது, சொல்லு” என்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே குரலில் அதைக் கேட்க வேண்டும். தவறான விடையில் பாதிக்கு மேல், பிள்ளை விளக்கிச் சொல்லும்போதே அதுவாகத் திருத்திக்கொள்ளும்.

பரிசு விஷயமும் பேச வேண்டும். 1973இல் வெளிவந்த ஒரு ஆய்வு, படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்த குழு, பிறகு ஓய்வு நேரத்தில் மற்றவர்களை விடக் குறைவாகவே வரைந்தது. 1982இல் தெரேசா அமபிலே என்ற அமெரிக்க உளவியலாளர் 7 முதல் 11 வயதுச் சிறுமிகளைக் காகிதம் ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். சிறந்த படத்துக்குப் பரிசு என்று போட்டி வைத்த குழுவின் படங்களை விட, குலுக்கலில் பரிசு என்று சொல்லப்பட்ட குழுவின் படங்களில்தான் படைப்பாற்றல் அதிகம் என்று ஓவியர்கள் மதிப்பிட்டார்கள். இதற்காகக் கலைத் திருவிழாவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை மேடை ஏறுவதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். மேடையில் போட்டி இருக்கட்டும். தினசரி வகுப்பில் முதல் முயற்சிக்கு மட்டும் மதிப்பெண்ணும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென்று 20 மதிப்பெண் ஒதுக்கினார்கள். அதை நான் இரண்டாவது வரைவுக்குத்தான் போடுவேன். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்பதற்குத்தான் மார்க்.

தேர்வு என்ன ஆகும் என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்டால் ஒரு விவரம் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடத்தும் பிசா தேர்வில் 2022இல் படைப்புச் சிந்தனையையும் சோதித்தார்கள். 60க்கு 41 எடுத்து முதலிடம் வந்தது சிங்கப்பூர். தேர்வை நடத்தும் ஓஇசிடி (OECD) அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 33. அதே ஆண்டு கணக்கிலும் முதலிடம் சிங்கப்பூர்தான். வாய்ப்பாடு தெரியாத பிள்ளையால் 24ஐப் பல விதமாகப் பிரிக்க முடியாது. பூவின் பாகங்கள் தெரியாதவளால் தாள் இதழாக மாறியதை ஊகித்திருக்க முடியாது. பாடம் நன்றாகத் தெரிய வேண்டும், அந்தப் பாடத்தை வைத்து என்ன செய்யலாம் என்று பிள்ளை யோசிக்கவும் வேண்டும். வாரத்துக்கு ஒரு பாடத்தில் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டால் தொடக்கத்துக்குப் போதும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் போனால் நீங்கள்தான் முதலில் களைத்துப் போவீர்கள்.

கடைசியாக, வாயே திறக்காத பிள்ளைகள். கையைத் தூக்கச் சொல்லும் வரை அதே ஐந்து பேர்தான் தூக்குவார்கள். அதனால் முதலில் இரண்டு நிமிடம் எல்லாரும் தனியாக நோட்டில் எழுத வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும், அப்புறம்தான் வகுப்புக்கு. அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் மேசையில் உட்காராமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வாருங்கள். முதல் இரண்டு மூன்று முறை ஒன்றும் வராது, ‘சார் இப்படிப் போடலாமா, அப்படிப் போடலாமா’ என்று உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

11½க்கு ½ வரைந்த அந்தப் பெண் அந்த வருடம் முழுவதும் ஒரு முறைகூடக் கையைத் தூக்கியதில்லை. நடந்து போனபோதுதான் அவள் நோட்டு என் கண்ணில் பட்டது. மற்ற எல்லாரும் முழு எண்ணாக எடுத்திருக்க, இவள் மட்டும் அரை எடுத்திருக்கிறாள். பக்கத்தில் குனிந்து, “எப்படிம்மா வந்தது?” என்று மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் நகரவில்லை. அப்புறம் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுக்குப் போற சந்து இப்படித்தான் சார் இருக்கும்.”